முதன்முறையா ரேஸ் டிராக்கில் கார் ஓட்டப் போறீங்களா? ஷூ முதல் இன்ஷூரன்ஸ் வரை... இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள்!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றதும் ஹூண்டாய் தொழிற்சாலைதான் ஞாபகத்துக்கு வரும். கன்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் பஸ்கள், ரோட்டோர பிரியாணிக் கடைகள் என எப்போதும் பரபரப்பு. இன்னும் கொஞ்சம் போனால் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். இந்தப் பரபரப்புக்குப் பக்கத்திலேயேதான் 3.717 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகளோடு ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்பது இப்போதைய பெயர். பழகியவர்கள் வாயில் இன்னமும் அது 'எம்.எம்.ஆர்.டி'தான்.

உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால் "சோழவரம் ரேஸ்" பற்றிச் சொல்வார். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த அந்த ரேஸைப் பார்க்க, ஒரு காலத்தில் ஊரே திரண்டு போகும். அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. அந்த கிளப் தனக்கெனக் கட்டிய டிராக்தான் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது. 1990-லிருந்து இங்கே ரேஸ்கள் நடக்கின்றன. ஃபார்முலா ஒன் வரை போன கோவை நரேன் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக் இருவரின் டயர் தடமும் இந்தத் தாரில் பதிந்திருக்கிறது.

ரேஸ் வீரர்கள் மட்டும்தான் இங்கே ஓட்டலாமா? இல்லை. 'டிராக் டே' நடக்கும் நாள்களில், லைசென்ஸ் வைத்திருக்கும் சாதாரண ஆள்களும் பணம் கட்டி, சொந்த காரிலேயே ஓட்டலாம். இது ரேஸ் இல்லை. யார் முதலில் வந்தார் என்ற கணக்கு இல்லை, கோப்பை இல்லை. ஓட்டிய அனுபவத்தை வைத்துக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் பெரும்பாலும் 15, 20 நிமிடங்கள் டிராக்கில் விடுவார்கள். அப்புறம் ஓய்வு. மறுபடி ஒரு சுற்று. மாலை வரை இப்படியே போகும்.

அப்பாவின் எட்டு வருஷப் பழைய ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொண்டு அப்படி ஒரு டிராக் டேக்குப் போய் வந்தேன். அப்பாவும் கூடவே வந்தார். காரை மட்டும் தனியாக அனுப்ப அவருக்கு மனசில்லை. முதல் முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாம் இதோ...

முதல் கேள்வி அப்பாவுடையது: "இன்ஷூரன்ஸ் இருக்கா?"

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நம்மூர் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, 'வாகனப் பயன்பாட்டுக்கான வரம்புகள்' என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகப் பரிசோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று இருக்கும். "இது ரேஸ் இல்லையே, டிராக் டேதானே" என்று வாதாடலாம். ஆனால், டிராக்கில் பம்பர் உடைந்தால் கம்பெனி பணம் கொடுக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. உடைந்தால் செலவு நம் கையிலிருந்து என்று முடிவுசெய்துகொண்டு போவதே நல்லது. கடனில் வாங்கிய கார், தினமும் வேலைக்குப் போக ஒரே கார் என்றால் இருமுறை யோசியுங்கள்.

நம் உடம்புக்கான மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். ஆபத்தான விளையாட்டுகள் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று ஏஜென்ட்டிடம் கேட்டுவிடுங்கள்.

என்ன உடுத்தணும்?

"கார் ஓட்டத்தானே போறே? அதுக்கு எதுக்குடி இந்த வெயில்ல முழுக்கை சட்டை?" என்றார் அம்மா. காரணம் இருக்கிறது. டிராக்கில் போடச் சொல்லும் ஒவ்வொரு உடையும் அழகுக்காகவோ வசதிக்காகவோ அல்ல, ஏதாவது ஒன்று தப்பாகப் போகும் அந்த ஒரு நிமிடத்துக்காக.

சட்டை, பேன்ட்: முழுக்கை வைத்த காட்டன் சட்டை அல்லது டி-ஷர்ட், முழு நீள காட்டன் பேன்ட் அல்லது ஜீன்ஸ். ஜிம்முக்குப் போடும் வழவழப்பான பாலியஸ்டர் டி-ஷர்ட், லெகிங்ஸ் வேண்டாம். தீ பட்டால் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உருகாது. ரேஸ் வீரர்கள் போடும் தீயைத் தாங்கும் சூட், முதல் டிராக் டேக்குப் பொதுவாகத் தேவைப்படாது.

ஷூ: செருப்பு, சாண்டல், வெறுங்கால் மூன்றுக்கும் அனுமதி இல்லை. ஓட்டப்பயிற்சிக்கான மெத்து மெத்தென்ற ஷூவும் சரிப்படாது. அடிப்பாகம் தடிமனாக இருப்பதால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று காலுக்குத் தெரியாது. அகலமாக இருந்தால் பக்கத்துப் பெடலிலும் மாட்டும். ஆபீஸ் லெதர் ஷூ வழுக்கும். மெல்லிய, தட்டையான ரப்பர் அடி கொண்ட கேன்வாஸ் ஷூ போதும். காட்டன் சாக்ஸ் கட்டாயம். லேஸின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

ஹெல்மெட்: முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்தான். கார் ரேஸ் ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும் வகையில் சோதிக்கப்பட்டிருக்கும். பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை இல்லை. ஆனாலும் பல டிராக் டேக்களில் தரமான ஃபுல் ஃபேஸ் பைக் ஹெல்மெட்டை அனுமதிக்கிறார்கள். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட் வேண்டாம். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும். உள்ளே காட்டன் முகமூடித் துணி போட்டால் வியர்வை கண்ணில் இறங்காது.

கையுறை: எல்லா இடத்திலும் கட்டாயம் இல்லை. ஆனால், வியர்த்த கை ஸ்டீயரிங்கில் வழுக்கும். மெல்லிய கையுறை இருந்தால் நல்லது.

பெண்கள் கவனத்துக்கு: துப்பட்டா, நீளமான குர்தா வேண்டாம். கூந்தலைத் தாழ்வாகப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். பின்னந்தலையில் பெரிய கிளிப் இருந்தால் ஹெல்மெட் ஏறாது. ஏறினாலும் குத்தும். வளையல், தொங்கும் கம்மல், மோதிரத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். தாலிச் செயினைக் கழற்ற விரும்பாதவர்கள் அதைச் சட்டைக்குள் விட்டு, காலர் பட்டன் வரை போட்டுக்கொள்ளலாம்.

கண்ணாடி அணிபவர்கள்: ஹெல்மெட் போட்ட பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டுங்கள். நழுவாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு பட்டை கட்டிக்கொள்ளலாம்.

பைக்கில் போகிறீர்களா? அது வேறு கணக்கு. உடல் முழுக்க மூடும் லெதர் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டைத் தாண்டும் கையுறை, கணுக்காலைத் தாண்டும் பூட்ஸ் இல்லாமல் டிராக் பக்கமே விட மாட்டார்கள்.

காரிலிருந்து எதையெல்லாம் எடுக்கணும்?

வீட்டைக் காலி பண்ணுவது மாதிரிதான். டிரைவர் பக்க மிதியடி, தண்ணீர் பாட்டில், குடை, குழந்தையின் பொம்மை, டேஷ்போர்டு பெர்ஃப்யூம், டிக்கியில் கிடக்கும் ஜாக்கி எல்லாம் வெளியே. வேகமாகப் போய் பிரேக் அடிக்கும்போது சீட்டுக்கு அடியில் கிடந்த பாட்டில் உருண்டு வந்து பெடலுக்குக் கீழே மாட்டினால், பிரேக் இறங்காது. டேஷ்போர்டு பிள்ளையாருக்கும் அதே விதிதான். கும்பிட்டுவிட்டு, கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துவிடுங்கள். செல்போனையும் சேர்த்து!

ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முக்கியமானது பிரேக். பிரேக் ஆயில் நாளாக ஆகக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. டிராக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் அழுத்திப் பிரேக் போடுவதால் நான்கைந்து சுற்றிலேயே தெரிந்துவிடும். அதனால் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பிரேக் பேடு பாதிக்கு மேல் இருக்கணும். டயரில் வெட்டு, வீக்கம் கூடாது. வீல் நட்டுகளைச் சரியான இறுக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். காரை இழுக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள்.

பெட்ரோல் வழக்கத்தைவிட வேகமாகக் குறையும். நெடுஞ்சாலையிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள்.

காலையில் ஒரு படிவம், ஒரு கேள்வி

சீக்கிரமே வரச் சொல்வார்கள். டிரைவிங் லைசென்ஸ், காரின் ஆர்.சி கேட்பார்கள். அப்புறம் ஒரு படிவம். 'ஆபத்தைத் தெரிந்தே வருகிறேன்' என்று கையெழுத்துப் போடணும். அதில் ரத்தப் பிரிவு, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விகளுக்குக் கீழே, அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம். என் பக்கத்தில் நின்ற ஒரு பையன் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தபடி யோசித்துக்கொண்டே இருந்தான். வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறானாம். பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வாங்கவில்லை, திட்டவும் இல்லை. "தம்பி, வெளியே போய் ஒரு போன் பண்ணிட்டு வந்து எழுதுங்க. கியூவைப் பத்திக் கவலைப்படாதீங்க, நாங்க வெயிட் பண்றோம்" என்றார். அவன் போய்ப் பேசிவிட்டு வந்து எழுதினான்.

வீட்டில் சொல்லாமல் போகாதீர்கள். அந்தக் கட்டத்தில் ஒரு உண்மையான பெயர் இருக்கணும்.

பிறகு காரைப் பரிசோதிப்பார்கள். அடுத்து வகுப்பு. இதைத் தவறவிட்டால் டிராக்கில் இறங்க முடியாது. முக்கியப் பாடம் கொடிகள். ஓட்டும்போது பேச ஆள் இருக்க மாட்டார்கள், கொடிதான் பேசும்.

• மஞ்சள்: முன்னே ஆபத்து. வேகத்தைக் குறை, முந்தாதே.

• சிவப்பு: எல்லாம் நிறுத்தப்பட்டது. மெதுவாக பிட்டுக்கு வா. சடாரென பிரேக் அடிக்காதே.

• நீலம்: பின்னால் வேகமான கார் வருகிறது. வழி விடு.

• மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தரையில் ஆயிலோ தண்ணீரோ இருக்கிறது, வழுக்கும்.

• கறுப்பு: உன்னைத்தான்! பிட்டுக்கு வா.

• பச்சை: பாதை சரியாகிவிட்டது.

• கறுப்பு வெள்ளைக் கட்டம்: நேரம் முடிந்தது. மெதுவாக ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே வா.

முந்துவதற்கும் விதி உண்டு. புதியவர்கள் குழுவில் நேர்ப்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி அனுமதித்தால் மட்டும் முந்தலாம். வளைவில் முந்தவே கூடாது.

கார் சுழன்றுவிட்டால்? கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுக்க அழுத்த வேண்டும். புல்வெளிக்கு இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கைப் பதறித் திருப்பக் கூடாது. நேராக வைத்து வேகம் குறைந்த பிறகு, மார்ஷல் கைகாட்டும் போதுதான் மேலே ஏறணும். கார் நின்றுவிட்டால், தீ இல்லாதவரை பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருக்கணும். உதவி உங்களைத் தேடி வரும்.

முதல் சுற்றில் என்ன ஆகும்?

உட்காரும் முறையிலிருந்தே ஆரம்பம். தோள் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொடணும். கிளட்ச்சை முழுக்க அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். ஹெல்மெட் கூரையில் இடித்தால் சீட்டை இறக்கணும்.

பயிற்சியாளர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வேகத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "கண்ணு எங்கேம்மா பார்க்குது?" என்பதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். பம்பருக்கு முன்னால் இருக்கும் தாரைப் பார்ப்பது ஊருக்குள் ஓட்டும் பழக்கம். இங்கே ஒரு வளைவில் இருக்கும்போதே அடுத்த வளைவைப் பார்க்கணும். கண் போகிற இடத்துக்குக் கை தானாகப் போகிறது.

இரண்டாவது பாடம், பிரேக். கார் நேராக இருக்கும்போதே அழுத்தமாகப் பிரேக் போட்டு, வேகத்தைக் குறைத்த பிறகுதான் திருப்பணும். வளைவின் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பைத் தொட்டு, மறுபடி வெளி விளிம்புக்கு வந்தால் வளைவே கொஞ்சம் நேராகிவிடும். மெதுவாக நுழைந்தவர்தான் வேகமாக வெளியேறுகிறார். என்னைவிடச் சின்ன, பழைய கார் ஒன்று இப்படித்தான் அமைதியாக என்னைத் தாண்டிப் போனது. அதற்காக ரோஷப்படாமல் அதன் பின்னால் போய்க் கற்றுக்கொள்வதுதான் லாபம்.

உடம்புக்கு என்ன ஆகும்? பத்து நிமிடத்தில் சட்டை நனையும். முன்கை வலிக்கும். வாய் வறளும். பிரேக் பேடு சூடாகும் வாசனை வரும். கவனம் சிதறுகிறது என்று தோன்றினால் நேரம் மிச்சமிருந்தாலும் உள்ளே வந்துவிடுங்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஓய்வு நேரத்தில்...

உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் பாகங்கள் கெடும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையோ கல்லோ வைத்தால் போதும். டயரின் காற்றழுத்தம் சூட்டில் ஏறியிருக்கும். அதைப் பார்த்து எவ்வளவு குறைக்கலாம் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

மதியம் பிரியாணியைத் தவிர்க்கவும்! வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வளைவுகளில் ஆடினால் குமட்டும். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் போதும். மோர், உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ், தண்ணீர் நிறைய. மாற்றுச் சட்டை, துண்டு, தொப்பி எடுத்துப் போங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் பார்வையாளர் பகுதியிலேயே வைத்திருங்கள், பிட் லேன் பக்கம் வேண்டாம். சத்தம் அதிகம் என்பதால் சின்னக் குழந்தைகளுக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன் அவசியம்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு?

டிராக் என்றால் ஆபத்தே இல்லாத இடம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே டிராக்கில் 2023 ஜனவரியில் நடந்த தேசியப் போட்டியில், அனுபவம் மிக்க 59 வயது வீரர் கே.இ.குமார் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது சிறுவன் பைக் ரேஸில் விழுந்து உயிரிழந்தான். அவை போட்டிகள், டிராக் டே அல்ல. ஆனால் தார் ஒன்றுதான். பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்கும்போதே இப்படி நடக்கும் என்றால், எந்த ஏற்பாடும் இல்லாத இடத்தில்?

நள்ளிரவில் இ.சி.ஆரிலும் நெடுஞ்சாலைகளிலும் ரேஸ் விடுகிறவர்களைத்தான் சொல்கிறேன். டிராக்கில் எதிரே யாரும் வர மாட்டார்கள். மாடு குறுக்கே வராது. ஓரத்தில் மரம் இல்லை. ஆம்புலன்ஸும் தீயணைப்புக் கருவியும் தயாராக நிற்கின்றன. ரோட்டிலோ ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிறவர் இருப்பார். அவர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம், சிறைத் தண்டனையும் உண்டு.

டிராக்கில் ஒவ்வொருவரும் 'ஏதாவது நடக்கும்' என்று நினைத்தே வேலை செய்கிறார்கள். ரோட்டில் நாம் 'நமக்கு ஒண்ணும் நடக்காது' என்று நினைத்து ஓட்டுகிறோம். வேகமாக ஓட்டும் ஆசை இருக்கிற பிள்ளையை வீட்டில் திட்டி அடக்கி வைப்பதைவிட, ஒரு நாள் இங்கே அழைத்து வந்து அந்தக் காலை வகுப்பில் உட்கார வைக்கலாம். லைசென்ஸ் இருந்தால் போதும்.

கடைசி எச்சரிக்கை: திரும்பும் வழி

டிராக் டேயில் அதிகக் கவனம் தேவைப்படும் நேரம், கேட்டை விட்டு வெளியே வரும் முதல் அரைமணி நேரம். நாள் முழுக்க வேகமாகப் போய்ப் பழகிய கண்ணுக்கு, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் என்பது நகராத மாதிரி தெரியும். கால் தானாக அழுத்தும். எதிரே லாரி இருக்கும். அதனால் உடனே கிளம்பாதீர்கள். டயர், பிரேக், நட்டுகளை ஒருமுறை பாருங்கள். காற்றழுத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள். டீ குடியுங்கள். கூட வந்தவர் யாராவது ஓட்டினால் இன்னும் நல்லது.

அன்று வீடு வரை அப்பாதான் ஓட்டினார். காலை வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆனால் வழியில் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் வழக்கமாகக் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பின் சீட்டுப் பையில் வைத்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அலமாரியில் கிடந்த பழைய கேன்வாஸ் ஷூவைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு போனார்.